கட்சிக்குள் ஒரு கட்சி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

அரசியல் கட்சி என்றதும் நம் கண்முன் வருபவை கொடி, சின்னம், மேடை, மாலை ஆகியவைதாம். தேர்தல் காலத்தில் நம் ஊர்ச் சுவர்களில் எழுதப்படுவதும் இவையே. ஆனால் ஒரு கட்சியின் உண்மையான முகத்தைச் சுவரில் காண முடியாது. கட்சிக்குள்ளே இன்னொரு கட்சி இருக்கிறது. அது செயற்குழு அறையில் உட்கார்ந்திருக்கும். அதற்குத் தனிக் கொடியில்லை, தனிப் பெயருமில்லை. "இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும், பெரியவர்கள் வகுத்தது வீண்போகாது" என்பதே அதன் கொள்கை. அதைச் சமுதாயப் பழமைவாதம் என்று அழைக்கலாம்.

பழமைவாதத்திலும் இரு வகை உண்டு. ஒன்று, பொருளாதாரத்தில் மாற்றத்தை விரும்பாதது. வரி குறைவாக இருக்கவேண்டும், அரசாங்கம் தொழிலில் தலையிடக்கூடாது என்று அது சொல்லும். மற்றொன்று, சாதி, திருமணம், பெண்ணின் நிலை, கோயில், கல்வி ஆகியவற்றில் பழைய ஒழுங்கைக் காக்க விரும்புவது. முதல் வகையோடு நாம் கணக்குப் போட்டு வாதாடலாம். இரண்டாம் வகை நம் சோற்றுத் தட்டுவரை, நம் பள்ளிக்கூட வாசல்வரை வந்துவிடும். ஆதலால் ஒரு பெரிய கட்சிக்குள் அதன் செல்வாக்கு எப்படி வளர்கிறது, எப்படித் தளர்கிறது என்று அறிவது மாணவர்களாகிய நமக்கு மிகவும் தேவை.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1925 முதல் 1954 வரை தமிழ்நாட்டுக் காங்கிரசுக்குள் நடந்த போராட்டமே போதும். அதன் முக்கியமான கட்டம் ஒன்று நம் குடியாத்தத்தில் அரங்கேறியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சோற்றுப் பந்தியில் தொடங்கியது

விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ், அந்நியனை எதிர்ப்பதில் தீவிரமும் சமுதாயத்தை மாற்றுவதில் நிதானமும் கொண்ட கட்சியாக இருந்தது. வெள்ளையன் போட்ட சட்டத்தை மீறத் துணிந்தவர்களில் பலர், பந்தியில் போட்ட கோட்டை மீறத் தயங்கினார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவி என்னும் ஊரில் வ.வே.சு. ஐயர் 1922-இல் ஒரு குருகுலம் தொடங்கினார். அவர் சாதாரண மனிதரல்லர். இலண்டன் சென்று புரட்சிக்காரராய்த் திரும்பியவர். தமிழ்ச் சிறுகதைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர். தேசியக் கல்வி தரும் நிறுவனம் என்பதால் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, அதில் 5,000 ரூபாயைக் கொடுத்தும்விட்டது. பிறகுதான் அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு அளிக்கப்படுகிறது என்ற செய்தி வெளிவந்தது. ஏன் என்று கேட்டபோது, பெற்றோரின் விருப்பத்திற்கு மதிப்பளிக்க வேண்டியிருக்கிறது என்பது விடையாக இருந்தது.

டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமி நாயக்கரும் இதை எதிர்த்தனர். பொதுப் பணத்தில் நடக்கும் தேசிய நிறுவனத்தில் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்று 1925-இல் காங்கிரஸ் கமிட்டியில் தீர்மானம் வந்தது. அதைப் பொறுக்காமல் செயற்குழுவிலிருந்து விலகியவர்களும் இருந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வ.வே.சு. ஐயர் பாபநாசம் அருவியில் விழுந்து இறந்தார். அந்தத் துயரத்தோடு குருகுலப் பிரச்சினை ஓய்ந்தது. ஆனால் அது எழுப்பிய கேள்வி ஓயவில்லை.

அதே 1925, நவம்பர் மாதம், காஞ்சிபுரம். திரு.வி.க. தலைமையில் தமிழ் மாகாண காங்கிரஸ் மாநாடு. எல்லாச் சமூகத்தாருக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற தீர்மானத்தை ஈ.வெ.ரா. கொண்டுவந்தார். அது அனுமதிக்கப்படவில்லை. அவர் மாநாட்டைவிட்டு வெளியேறினார். காங்கிரசுக்குள் இருந்த சீர்திருத்த அணியின் ஒரு பெரிய கிளை அன்று முறிந்தது. அவரோடு வெளியேறியவர்களுள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஒருவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீர்திருத்தக்காரர்கள் வெளியேறினால் கட்சிக்குள் யார் மிஞ்சுவார்கள்? பழமையாளர் எண்ணிக்கை கூடாமலே அவர்களின் பலம் கூடிவிடும். தராசில் ஒரு தட்டிலிருந்து எடையை எடுத்துவிட்டால், மறுதட்டில் எதையும் போடாமலே அது தாழ்ந்துவிடுகிறதல்லவா? அதுபோல்தான்.

கலை என்றார்கள்

அடுத்த காட்சி சென்னைச் சட்டசபை. அங்கே உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். அதை எதிர்த்து வாதாடியவர்களுள் முதன்மையானவர் காங்கிரசின் நாவன்மை மிக்க தலைவர் எஸ். சத்தியமூர்த்தி. கலை அழிந்துவிடும், பழைய மரபு குலைந்துவிடும் என்பது அவரது கவலை.

1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி அம்மையார் பதவி விலகினார். அவர் விரும்பிய சட்டம் நிறைவேறியது 1947-இல். இடையில் கழிந்தவை பதினேழு ஆண்டுகள். ஒரு சட்டம் பதினேழு ஆண்டுகள் தாமதமானால், அதற்குள் பொட்டுக்கட்டப்பட்ட ஒவ்வொரு சிறுமியும் அந்தத் தாமதத்துக்குத் தன் வாழ்வையே விலையாகக் கொடுத்தாள்.

கோயில் நுழைவிலும் இதே கதைதான். 1937-இல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். தாழ்த்தப்பட்டோரின் தலைவர் எம்.சி. ராஜா 1938-இல் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். அரசாங்கம் அதற்கு ஆதரவு தரவில்லை. மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் செய்தது. பொறுமையாகப் போகவேண்டும் என்பது ராஜாஜியின் எண்ணம். ஆயினும் 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஏ. வைத்தியநாதய்யர், கக்கன் உள்ளிட்ட தோழர்களை அழைத்துச் சென்றபோது, அவர்களைச் சட்டத்தின் மூலம் காத்தவரும் அதே ராஜாஜிதான். தம் மகளைக் காந்தியடிகளின் மகனுக்கு மணம் செய்து கொடுத்துச் சாதியைக் கடந்தவரும் அவரே.

எனவே இந்தக் கட்டுரையில் யாரையும் அரக்கராகக் காட்டுவது என் நோக்கமன்று. கோயில் வாசலில் சீர்திருத்தக்காரராக நின்ற ஒருவரே பள்ளிக்கூட வாசலில் பழமையாளராக நிற்கக்கூடும். இதை நாம் புரிந்துகொள்ளாவிட்டால், 1953-இல் நடந்ததும் நமக்குப் புரியாது.

பலவீனத்தில் வந்த பலம்

1952-இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152 மட்டுமே. பெரும்பான்மை இல்லை. பிரகாசம் தலைமையில், பொதுவுடைமைக் கட்சியும் சேர்ந்த எதிரணி ஆட்சியைப் பிடித்துவிடுமோ என்ற அச்சம் காங்கிரசைப் பிடித்தது. ஓய்விலிருந்த ராஜாஜியை அழைத்து வந்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். நம் வட ஆற்காட்டுப் பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும் அவரை ஆதரித்தது.

ஒரு கட்சி பலமாக இருக்கும்போது அதன் உள் அணிகள் அடங்கியிருக்கின்றன. கட்சி தடுமாறும்போது, "நான் காப்பாற்றுகிறேன்; ஆனால் என் வழியில்" என்று சொல்பவர் கை ஓங்குகிறது. ராஜாஜி அறிவிலும் நிர்வாகத்திலும் சிறந்தவர்; உணவுப் பங்கீட்டை நீக்கி மக்களின் பாராட்டையும் பெற்றார். அந்தப் பாராட்டின் தைரியத்தில், சட்டசபையையும் கட்சியையும் கலந்துகொள்ளாமல் 1953-இல் ஒரு திட்டத்தை அறிவித்தார்.

அதன் அரசாங்கப் பெயர், திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். மக்கள் நாவில் அதன் பெயர், குலக்கல்வித் திட்டம்.

அரைநாள் பள்ளி

திட்டம் இதுதான். கிராமப் பள்ளிகளில் ஒரு பிள்ளை நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே படிக்கும். ஒரு பகுதிப் பிள்ளைகள் காலையிலும் மறுபகுதியினர் பிற்பகலிலும் வருவார்கள். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்பார்கள். பெண் பிள்ளைகள் வீட்டு வேலையைக் கற்பார்கள். பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் குறைவு, இப்படிச் செய்தால் அதே கட்டடத்தில் இருமடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். அது முழுப் பொய்யுமன்று. கட்டடமும் ஆசிரியரும் குறைவாகத்தான் இருந்தன. ஆனால் பட்டணத்துப் பள்ளிக்கு இத்திட்டம் இல்லை. கிராமத்துப் பள்ளிக்கு மட்டுமே. பற்றாக்குறையை யார் தலையில் சுமத்துவது என்ற இடத்தில்தான் பழமைவாதம் பேனாவைப் பிடித்தது.

திட்டத்தை வகுத்தவர்களின் கற்பனையில் இருந்த கிராமம் அழகானது. அங்கே குயவன் மகன் சக்கரத்தருகே அமர்கிறான். நெசவாளி மகன் தறியருகே நூல் சுற்றுகிறான். தச்சன் மகன் உளியைப் பிடிக்கிறான். தந்தை குருவாகவும் வீடே பள்ளியாகவும் இருக்கின்றன.

இப்போது அந்தக் கற்பனையை நம் பாலாற்றங்கரைக்குக் கொண்டுவருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, விஷாரம் என்று ஊர்தோறும் தோல் பதனிடும் தொழில். அங்கே வேலை செய்த ஒருவரின் மகன் பிற்பகலில் தந்தையிடம் என்ன கற்பான்?

வேதியியல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன். உப்பிட்டு வந்த பச்சைத் தோலை முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவவேண்டும். பிறகு சுண்ணாம்புக் குழியில் இறக்கவேண்டும். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை பன்னிரண்டு பி.எச். அளவுக்கு மேல். தோலின் முடியைக் கழற்றும் அந்தக் காரம், மனிதனின் கைத்தோலை மட்டும் விட்டுவிடுமா? பின்னர் தோலை மரத்தின் மேல் விரித்து, இருபுறமும் பிடியுள்ள கத்தியால் முடியையும் சதையையும் வழிக்கவேண்டும். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாற்றுக் குழி, கடுக்காய்ச் சாறு, எண்ணெய் பூசுதல், உலர்த்துதல் என்று நாட்கணக்கில் வேலை. ஆவாரம்பட்டையிலுள்ள டானின், தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. இதை ஆய்வுக்கூடத்தில் படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. இடுப்பளவுக் குழியில் நின்று அறிந்தவர்களுக்கு இதில் மகிழ்ச்சி இருந்திருக்காது.

இன்னும் ஒன்று. குயவனுக்குச் சக்கரம் சொந்தம், நெசவாளிக்குத் தறியாவது சொந்தமாக இருக்கலாம். தோல் தொழிலாளிக்குக் குழியும் சொந்தமில்லை, தோலும் சொந்தமில்லை, கத்தியும் சொந்தமில்லை. அவர் கற்றுத்தரக்கூடிய குலத்தொழில் எது?

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவிலுள்ள சிற்றூர். என் தாத்தா அந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் இருந்தார். அவரிடம் கேட்டேன்:

"தாத்தா, அரைநாள் பள்ளிக்கூடம்னு ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

"ஏன் இல்லாம? மத்தியானத்துக்கு மேல போங்கடானு வாத்தியாரு வுட்ருவாரு. ஊர்க்காரப் பசங்க மாட்டை ஓட்டினு நெலத்துப் பக்கம் போவாங்க. நாங்க எங்க போறது? எங்கப்பனுக்கு என்னா தொழிலு? கூலி. கூலிய எத்தினி நாளைக்குடா கத்துக்கிறது?"

திட்டத்தைப் பற்றி நான் நூலகத்தில் படித்த பக்கங்கள் பல. ஆனால் என் தாத்தா கேட்ட இந்தக் கேள்வியை அவற்றில் எங்கும் காணவில்லை. கூலியைக் கற்பதற்கு ஒரு நாளே அதிகம். அதற்காக ஒரு பிள்ளையின் படிப்பில் தினமும் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் வகுப்போடு தாத்தாவின் படிப்பு நின்றது. அதற்கு இந்தத் திட்டம்தான் காரணம் என்று நான் கூறமாட்டேன். அது ஓராண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. வறுமையே காரணம். ஆனால் வறுமை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுக்கும்போது, அரசாங்கம் எந்தப் பக்கம் நின்று இழுக்கவேண்டும் என்பதே கேள்வி.

குடியாத்தம்

திட்டத்துக்கு எதிர்ப்பு வெளியிலிருந்தும் வந்தது, உள்ளிருந்தும் வந்தது. பெரியாரின் திராவிடர் கழகம் ஊர் ஊராகக் கண்டித்தது. தி.மு.க. 1953 ஜூலையில் மும்முனைப் போராட்டம் நடத்தியது. அதில் ஒரு முனை இத்திட்டத்தை எதிர்த்தது. சட்டசபையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்தன. திட்டத்தை ஆராயப் பருலேகர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. குழு திட்டத்துக்குச் சாதகமாகவே கருத்துச் சொன்னது. ஆயினும் புயல் அடங்கவில்லை.

முடிவு கட்டியது காங்கிரசின் உள்ளறை. தம் சொந்தக் கட்சி உறுப்பினர்களே பெரும்பாலோர் தம்மோடு இல்லை என்பதை உணர்ந்த ராஜாஜி, 1954-இல் உடல்நலம் காரணமாக விலகுவதாக அறிவித்தார். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரது ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகளும் காமராசருக்கு 93 வாக்குகளும் கிடைத்தன. 1954 ஏப்ரல் 13-ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். சில வாரங்களில் குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.

காமராசர் யார்? பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் முயற்சிக்குத் தடையாக நின்ற அதே சத்தியமூர்த்தியின் அரசியல் சீடர்! ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆசானின் தேசபக்தியை எடுத்துக்கொண்டு அவரது பழமையை விட்டுவிட முடியும் என்று காட்டியவர். தோற்ற சி. சுப்பிரமணியத்தைத் தம் அமைச்சரவையிலேயே வைத்துக்கொண்டார். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பி. பரமேசுவரனிடம் இந்து அறநிலையப் பொறுப்பை ஒப்படைத்தார். எந்தச் சமூகத்தைக் கோயில் வாசலில் நிறுத்தினார்களோ, அந்தச் சமூகத்தவர் அத்தனை கோயில்களுக்கும் அமைச்சரானார்.

முதலமைச்சரான காமராசர் அப்போது சட்டசபை உறுப்பினரல்லர், நாடாளுமன்ற உறுப்பினர். ஆறு மாதத்திற்குள் ஒரு தொகுதியில் வெல்லவேண்டும். ராஜாஜியைப் போல மேலவை நியமனத்தை நாடாமல் அவர் வந்து நின்ற இடம் நம் குடியாத்தம். பெரியார் காமராசருக்காகப் பிரசாரம் செய்தார். தி.மு.க. வேட்பாளரை நிறுத்தாமல் ஆதரவு தந்தது. 1925-இல் காஞ்சிபுரத்தில் காங்கிரசைவிட்டு வெளியேறியவர், 29 ஆண்டுகள் கழித்துக் குடியாத்தத்தில் காங்கிரஸ் முதலமைச்சருக்கு வாக்குக் கேட்டார். பொதுவுடைமைக் கட்சி வேட்பாளரைத் தோற்கடித்துக் காமராசர் வெற்றி பெற்றார். தறிக்காரர்களும் தோல் தொழிலாளர்களும் நிறைந்த இந்த மண், அரைநாள் பள்ளியை ஒழித்தவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின் 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. பிற்பகலில் பிள்ளையை வெளியே அனுப்பிய பள்ளி, பிற்பகல்வரை சோறுபோட்டு உட்காரவைத்த பள்ளியாயிற்று.

ராஜாஜி பின்னர் காங்கிரசைவிட்டே விலகி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967-இல் அக்கட்சி தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து காங்கிரசை வீழ்த்தியது. அரசியலில் நட்பும் பகையும் எவ்வளவு விரைவில் இடம் மாறுகின்றன!

தில்லியிலும், கடலுக்கு அப்பாலும்

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. அதே காலத்தில் தில்லியில் டாக்டர் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்து இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவுக்காகப் போராடினார். பெண்ணுக்குச் சொத்துரிமை, மணவிலக்குரிமை, ஒருதார மணம் ஆகியவை அதில் இருந்தன. காங்கிரசின் பழமையாளர்கள் அதை முன்னேற விடவில்லை. அந்த அணியின் அன்பைப் பெற்ற புருஷோத்தமதாஸ் தாண்டன் 1950-இல் காங்கிரஸ் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு செப்டம்பரில் தாண்டன் விலக, நேரு தலைமையை ஏற்றார். ஆனால் அதே செப்டம்பரில், மசோதா கைவிடப்பட்ட வேதனையோடு அம்பேத்கரும் அமைச்சர் பதவியைத் துறந்தார். மசோதா நான்கு துண்டுகளாகி 1955, 1956-ஆம் ஆண்டுகளில் நிறைவேறியது. பூர்விகச் சொத்தில் மகனோடு மகளுக்கும் சமபங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதும் 2005-இலும்தான் வந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து அப்பர் தைக்கும் என் அம்மாவைப் போன்ற ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, சம்பாதிக்கும் உரிமை முதலில் வந்தது. சொத்தில் உரிமை பிறகு வந்தது.

பழமைவாதம் ஒரே மதத்தின் சொத்துமன்று. 1985-இல் ஷாபானு வழக்கில் மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் மூதாட்டிக்கு ஜீவனாம்சம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமயத் தலைவர்களின் எதிர்ப்பைக் கண்டு ராஜீவ் காந்தி அரசு 1986-இல் அந்தத் தீர்ப்பின் பயனைக் குறைக்கும் சட்டத்தைச் செய்தது. ஆரிஃப் முகமது கான் அமைச்சர் பதவியைவிட்டு விலகினார். அதே 1986-இல் அயோத்தியில் பூட்டும் திறக்கப்பட்டது. ஒருபக்கப் பழமைக்கு ஒன்று கொடுத்தால் மறுபக்கப் பழமைக்கும் ஒன்று கொடுக்க நேர்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவள் அந்த மூதாட்டிதான்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ரிபப்ளிகன் கட்சி, பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை 1940-ஆம் ஆண்டிலேயே தன் கொள்கை அறிக்கையில் ஏற்ற கட்சி. ஃபிலிஸ் ஷ்லாஃப்லி என்ற பெண்மணி 1972 முதல் அத்திருத்தத்தை எதிர்த்து இயக்கம் நடத்தினார். 1979-இல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற பாதிரியார் ஒழுக்கப் பெரும்பான்மை என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1980-இல் கட்சியின் மாநாடு அந்த நாற்பதாண்டு ஆதரவைக் கைவிட்டது. தொழிலதிபர்களின் கட்சி என்று பெயர் பெற்றிருந்த ஒன்று, குடும்பம், கருக்கலைப்பு, பள்ளிப் பிரார்த்தனை ஆகியவற்றைப் பற்றி முழங்கும் கட்சியாக மாறியது. 2022-இல் கருக்கலைப்பு உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது வரை அந்தப் பாதை நீண்டது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கட்சியின் சின்னம் அதே யானைதான்.

நாம் அறியவேண்டியவை

மேலே சொன்னவற்றை அடுக்கிப் பார்க்கும்போது எனக்கு மூன்று உண்மைகள் தோன்றுகின்றன.

முதலாவது, பழமைவாதிகள் கட்சிக்குள் வளர்வது கட்சி தளரும் நேரத்தில். 1952-இல் பெரும்பான்மை போனதும் நடந்தது அதுவே.

இரண்டாவது, வெளியிலிருப்பவர்களும் உள்ளிருப்பவர்களும் சேர்ந்தால்தான் அவர்களைத் தடுக்க முடியும். பெரியார் வெளியேறியதால் ஓர் இயக்கம் பிறந்தது. காமராசர் உள்ளேயே இருந்ததால் ஒரு முதலமைச்சர் கிடைத்தார். ஒருவர் இல்லாமல் மற்றவரால் அந்தத் திட்டத்தை ஒழித்திருக்க முடியாது என்பது என் துணிபு.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. சமுதாயப் பழமைவாதம் ஒருபோதும் தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. சேரன்மாதேவியில் அது "பெற்றோர் விருப்பம்" என்ற பெயரில் வந்தது. சட்டசபையில் "கலை" என்று வந்தது. கோயில் வாசலில் "பொறுமை" என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் "கைத்தொழில்" என்று வந்தது. இவை எல்லாம் நல்ல சொற்கள். யாருக்குக் கலை பிடிக்காது? கைத்தொழிலை இழிவென்று யார் சொல்வார்? ஆகையால் சொல்லைப் பார்த்து மயங்காமல், அந்தச் சொல்லுக்கு யாருடைய பிள்ளை விலை கொடுக்கிறது என்று பார்க்கவேண்டும். அன்று தோல் முதலாளியின் மகன் பட்டணத்துப் பள்ளியில் முழுநாளும் படித்தான். தோல் தொழிலாளியின் மகனுக்கு மட்டுமே கைத்தொழிலின் பெருமை உபதேசிக்கப்பட்டது.

இன்றைய கட்சிகளின் பெயர்களை நான் இங்கே இழுக்கவில்லை. கல்லூரி ஆண்டு மலர் தேர்தல் மேடையன்று. ஆனால் இந்த உரைகல்லை எந்தக் கட்சியின்மீதும், எந்தத் திட்டத்தின்மீதும் உரசிப் பார்க்கலாம். பண்பாடு என்றோ, ஒழுக்கம் என்றோ, குடும்ப மானம் என்றோ, திறமை என்றோ ஒரு கட்சி பேசத் தொடங்கும்போது, நாம் கோபப்படவும் வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். அந்தச் சொல் சட்டமானால் முதலில் எந்த வீட்டுப் பிள்ளை வகுப்பைவிட்டு எழுந்து போகும், எந்த வீட்டுப் பெண் எதை இழப்பாள் என்று கேட்போம். "சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டீர்களா?" என்றும் கேட்போம். 1953-இல் என் தாத்தாவின் தகப்பனாரை யாரும் கேட்கவில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். பீடி சுற்றியவர், தீப்பெட்டி ஒட்டியவர், தறி நெய்தவர், தோல் பதனிட்டவர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறோம். இதற்குக் காரணமானவர்களுக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் மாலையும் விழுகிறது. அவர்களுக்கு நாம் செய்யவேண்டிய மரியாதை வேறொன்றும் உண்டு. சட்டசபை நடவடிக்கைகளைப் படிப்போம். நம் ஊர்க் கிராமசபைக் கூட்டத்துக்குப் போய் உட்காருவோம். எந்தக் கட்சியை விரும்பினாலும் அதன் கூட்டத்துக்குப் போனால் கொடி பிடிப்பதோடு நிற்காமல், தீர்மானம் எழுதும் மேசைக்கு அருகில் ஓர் இடம் கேட்போம். அங்கே நாம் அமராவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. நமக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு வேறொருவர் அமர்ந்துவிடுவார்.